கோவுக்கு வென்ட் எங்கிருந்து வந்தது?

வணக்கம் நண்பர்களே. 'கோ' என்கிற ஆங்கில வினைச்சொல்லின் இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே! இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

விஷயம் என்னவென்றால், வென்ட் பிறந்த வீடே வேறு. பழைய ஆங்கிலத்தில் 'வெண்டன்' என்று ஒரு வினை இருந்தது. திரும்பு, திருப்பு என்று பொருள். அதிலிருந்து வந்தது 'வெண்ட்' (wend). ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள், d போய் t வருகிறது. செண்ட் (send), சென்ட் (sent) ஆகிறது. பெண்ட் (bend), பென்ட் (bent) ஆகிறது. அதே வரிசையில் வெண்டின் இறந்தகாலம்தான் வென்ட் (went). சரி, அப்போது கோவுக்கு என்ன இருந்தது? 'ஏயொடெ' என்று ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது மெல்ல வழக்கொழிய, வென்ட் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பறிகொடுத்த வெண்ட், 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் கோவோடு 'எட்' சேர்த்துச் சொல்வார்கள். விதிப்படி பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அப்புறம், பொருளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆரம்பத்தில் 'பார்க்கப் போகிறோம்' என்றேனே, எங்கே போனோம்? எங்கேயும் இல்லை. ஆங்கிலத்தின் 'கோயிங் டு'வும் அப்படித்தான். நடையைச் சொன்ன சொல் எதிர்காலத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, பால் கெட்டுப்போனால் ஆங்கிலத்தில் 'கோ பேட்', திவாலாகிப்போனால் 'கோ பேங்க்ரப்ட்'. ஆனால் கனவு பலித்தால் 'கம் ட்ரூ'! கெடுவதெல்லாம் போகிறது, கூடுவது வருகிறது. நாமும் அழுகிப்போச்சு, தொலைந்துபோச்சு என்கிறோம், ஆனால் கவிதை நன்றாக வந்திருக்கிறது என்கிறோம். உறவே இல்லாத இரண்டு மொழிகள், ஒரே புத்தி!

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'கோ வெல்' என்றால் நன்றாக நடந்தது என்றுதான் அர்த்தம்.

பேசும்போது பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். 'ஹீ ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. போய்வந்துவிட்டார் என்றால் 'ஹேஸ் பீன் டு லண்டன்'. இங்கே கோவின் வேலையை 'பீ' என்கிற வேறொரு வினை பார்க்கிறது. இரவல் வாங்குவது கோவுக்குப் பழக்கம்தானே!