ஜூன் 31 இரவு நடந்த கதை

(மயிலாப்பூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் ஆங்கில எழுத்தாளர் லென் டெய்ட்டனின் 'பாம்பர்' நாவலைப் பிய்த்து உதறிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தலைவர் என் காதருகே குனிந்து, "நீங்களாவது நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். சொல்கிறேன். ஆனால் அவர்கள் அடுக்கிய குறைகள் வழியாகவே போகிறேன், அதில்தான் இந்தப் புத்தகத்தின் சங்கதி இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1970-இல் வந்த நாவல். 1943-ஆம் வருஷத்தில் ஒரே ஒரு பகலும் இரவும். பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்தை அடிக்கக் கிளம்புகின்றன. இலக்கை அடையாளம் காட்ட வேண்டிய வெளிச்சக் குண்டுகள் இடம் மாறி, ஆல்ட்கார்ட்டன் என்ற சின்ன ஊர்ப் பக்கம் விழுந்துவிடுகின்றன. பின்னால் வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தை நம்பிக் குண்டுகளைக் கொட்டுகிறார்கள். ஆல்ட்கார்ட்டன் கற்பனை ஊர். தேதியும் கற்பனைதான்: ஜூன் 31.

எனக்குக் கிடைத்த பிரதியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த 31-ஐப் பென்சிலால் அடித்து 30 என்று திருத்தி, ஓரத்தில் ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறார். அச்சுப்பிழை இல்லை ஐயா அது! கிரேஃபெல்ட் மேல் உண்மையாகவே பெரிய தாக்குதல் நடந்தது 1943 ஜூன் 21 இரவு. ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மேல் போன பிரிட்டிஷ் விமானங்கள் முதன்முறையாக உலோகத்தாள் கீற்றுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டின. ஜெர்மன் ரேடார் திரை முழுக்கப் பொய்ப் புள்ளிகள். எது விமானம், எது காகிதம் என்று பிரிக்க முடியவில்லை. ரேடாரை நம்பி விமானங்களைத் துரத்தும், இந்த நாவலில் வரும் ஜெர்மன் வேட்டை முறை அந்த இரவோடு பல்லுப் பிடுங்கின பாம்பாகிவிட்டது. அந்த முறை முழு வீரியத்தோடு இருந்த கடைசி வாரங்களில், காலண்டரில் இல்லாத ஒரு தேதியைக் கதைக்கு வைத்தார் டெய்ட்டன்.

இனி மேடையில் சொன்ன முதல் குற்றச்சாட்டு, "ஒரே டெக்னிக்கல் சமாச்சாரம், பக்கம் பக்கமாகத் தாண்டினேன்" என்பது. தாண்டினவர் ஒரு கல்லூரி மாணவர். தம்பி, நீங்கள் தாண்டிய பக்கங்களில்தான் திகில் இருந்தது. ஜெர்மன் கட்டுப்பாட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இரண்டு வுர்ஸ்பர்க் ரேடார்கள். ஒன்று வருகிற பிரிட்டிஷ் விமானத்தைத் தொடர்கிறது, இன்னொன்று தங்கள் போர் விமானத்தைத் தொடர்கிறது. உள்ளே கண்ணாடி மேஜையில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் நகர்கின்றன. ஒருவர் மைக்கில், இன்னும் கொஞ்சம் இடது, வேகத்தைக் குறை என்று தன் விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு பொட்டு இன்னொரு பொட்டை நெருங்குகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. அந்தப் பொட்டுக்குள் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்கு மட்டும் தெரியும், அதில் ஒருவன் வால் பகுதிக் கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக இருக்கிறான் என்பதும் தெரியும். அந்த மேஜை எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியர் முன்கூட்டியே விளக்கியிருக்காவிட்டால் நமக்கு வயிற்றைக் கலக்கியிருக்குமா?

குண்டுகள் எப்படி ஊர்ந்து பின்னுக்கு வருகின்றன என்பதும் அப்படித்தான். கீழே நெருப்பு, மேலே பீரங்கி. முன்னால் போனவன் போட்ட இடத்துக்கு ஒரு நொடி முன்னதாகவே பின்னால் வருகிறவனின் விரல் பட்டனை அழுத்திவிடுகிறது. அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்கு இன்னும் ஒரு நொடி அவசரம். இப்படியே நெருப்பு, விமானங்கள் வந்த திசையிலேயே பின்னோக்கி நீள்கிறது. உயிர்ப் பயம்தான், வேறொன்றுமில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் அந்தப் போரில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அந்த விரலைக் கோழை என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. கீழே இருந்தவர்களுக்கு அந்தச் சமாதானம் எதற்கும் உதவாது என்பதும் உண்மை.

பாத்திரங்கள் ஜாஸ்தி என்றார் இரண்டாவதாகப் பேசிய நண்பர். ஒப்புக்கொள்கிறேன். முதல் நூறு பக்கம், தெரியாதவர் வீட்டுக் கல்யாண மண்டபத்தில் நுழைந்த மாதிரிதான். யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று புரிவதற்குள் பந்தி முடிந்துவிடும். ஒரு துண்டுச்சீட்டில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை இழைகளை அவர் எப்படிச் சமாளித்தார் என்றால், அதுவும் ஒரு கதை. வேர்ட் பிராசஸரில் எழுதப்பட்ட முதல் நாவல் என்று இதைச் சொல்வார்கள். எழுதியதைச் சேமித்து வைத்துத் திருத்த உதவிய ஐபிஎம் இயந்திரம். அதை லண்டன் வீட்டுக்குள் கொண்டுபோக ஜன்னலைக் கழற்றிக் கிரேன் வைத்துத் தூக்கினார்களாம்! இன்றைக்கு நம் எழுத்தாளர்கள் பஸ்ஸில் நின்றபடி போனில் நாவல் எழுதுகிறார்கள்.

இனி கனமான விஷயத்துக்கு வருகிறேன். பேராசிரியை அம்மா கேட்டார்: "பிரிட்டன், ஜெர்மனி இரண்டு தரப்பையும் ஒரே தராசில் வைக்கிறாரே, இது என்ன நியாயம்?"

சென்னைக்காரர்களான நமக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்க வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பை அடித்தார்கள், விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் அடித்தார்கள். மதராஸ் பாதி காலி. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுவிட்டார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று. 1943 அக்டோபரில் ஒரு இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன 'ஜப்பான்காரன் குண்டு' கதைகள் எல்லாமே கீழே நின்று அண்ணாந்து பார்த்த கதைகள். மேலே இருந்தவனுக்கு ஒரு முகம் உண்டு என்று அந்தக் கதைகளில் யாரும் யோசித்ததில்லை, யோசிக்க அவசியமும் இல்லை. இந்த நாவல் கீழே இருப்பவரையும் மேலே இருப்பவரையும் ஒரே இரவில் காட்டுகிறது. எனக்கு அது புதிய அனுபவம்.

ஆனால் ஆட்களைச் சமமாகப் பார்ப்பது வேறு, அவர்கள் சண்டையிட்ட காரணங்களைச் சமம் என்பது வேறு. டெய்ட்டன் இரண்டாவதைச் செய்யவில்லை என்பது என் வாதம். நாஜிகளின் டாக்கௌ வதைமுகாமில் கைதிகளை வைத்துச் செய்த பரிசோதனைகளைப் பற்றிய ஆவணம் ஒரு ஜெர்மன் விமானப்படை வீரன் கைக்கு வருகிறதே, அந்தப் பகுதி எதற்கு? அதே சமயம், இத்தனை பெரிய புத்தகத்தில் இதற்கு ஒதுக்கிய இடம் போதுமா என்று அம்மா கேட்டால் என்னிடம் திடமான பதில் இல்லை. எரிகிற ஊரை அத்தனை நுணுக்கமாக எழுதியவர் இங்கே அவசரமாகத் தாண்டிவிட்டார் என்றே எனக்கும் படுகிறது.

அம்மா கையைத் தூக்கிவிட்டார். மைக்கை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.