குட்டை இறக்கையும் பொரியாத முட்டையும்

வணக்கம் நேயர்களே. வீட்ல வாழைப்பழம் ரெண்டு நாள் கூடுதலா கனிஞ்சு கெடந்தா அது மேல செவப்புக் கண்ணோட குட்டியா ஒரு ஈ சுத்துமே, நாமளும் கையால தட்டி விட்ருவோமே, அந்தப் பழ ஈயப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன். அதுலயும் ஒரே ஒரு ஜீனப் பத்தி மட்டும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜீன் அது.

1910 வாக்குல நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல தாமஸ் ஹன்ட் மார்கன்னு ஒரு மரபியல் விஞ்ஞானி பால் பாட்டில்ல வாழைப்பழம் போட்டு ஆயிரக்கணக்குல இந்த ஈய வளத்துட்டு இருந்தாரு. வெள்ளைக் கண் ஈ கெடைச்சத எல்லாப் பாடப் புத்தகத்துலயும் படிச்சிருப்பீங்க. அதே சமயத்துல இறக்கை குட்டையா, நுனிய சாய்வா கத்தரிச்ச மாதிரி சில ஈயும் கெடைச்சுது. ருடிமென்ட்டரின்னு பேர் வெச்சாங்க, முழுசா வளராததுன்னு அர்த்தம்.

சரி இறக்கைல ஏதோ கோளாறுன்னு விட்ருக்கலாம், ஆனா அந்தப் பொண்ணு ஈயோட முட்டையிலயும் கோளாறு இருந்துச்சு. அதே மாதிரி குட்டை இறக்கை ஆணோட சேத்தா முட்டை கிட்டத்தட்ட ஒண்ணும் தேறாது. நல்ல இறக்கை ஆணோட சேத்தா பொண்ணு குஞ்சுங்க பொழைக்கும், ஆண் குஞ்சுங்க செத்துடும். குட்டை இறக்கை ஆண் ஈக்கோ இனப்பெருக்கத்துல ஒரு குறையும் இல்ல. இந்த விடுகதை விடுபட அறுபது வருஷம் ஆச்சுங்க.

1970ல தெரிய வந்தது என்னன்னா, இந்த ஈயால பிரிமிடின சொந்தமா செஞ்சுக்க முடியல. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ரெண்டுக்கும் வேண்டிய மூலப்பொருள் அது, அத செய்யற மொத மூணு வேலையையும் ஒரே நீளமான புரதம்தான் பாக்குது, அந்தப் புரதத்துக்கான ஜீன்தான் பழுது. அப்ப எப்படி உயிரோட இருக்குன்னு கேட்டா, லேப்ல போடற தீனியில ஈஸ்ட் இருக்கு, ஈஸ்ட்ல ஆர்.என்.ஏ. இருக்கு, அதத் தின்னு ஒப்பேத்திக்குது. அது ரெண்டும் இல்லாத தீனி குடுத்தா புழுவாவே செத்துடும்.

இப்ப இறக்கைய யோசிங்க. புழுவுக்குள்ள சில பத்து செல்லா ஆரம்பிச்சு சில நாள்லயே பல ஆயிரமா பெருகணும், அவ்வளவு செல்லுக்கும் டி.என்.ஏ. வேணும், பற்றாக்குறை அங்கதான் வெளிய தெரியுது. முட்டையோட நெலமை இன்னும் மோசம். முட்டைங்கறது அம்மா கட்டிக் குடுக்கற கட்டுச்சோறு மாதிரி, வெளிய இருந்து தின்ன வழியில்ல, அம்மாகிட்டயே இல்லாதத எப்படிக் கட்டிக் குடுப்பா? இந்த ஜீன் இருக்கறது எக்ஸ் குரோமோசோம்ல. பொண்ணு குஞ்சுக்கு நல்ல அப்பாகிட்ட இருந்து ஒரு நல்ல எக்ஸ் வருது, தானே செஞ்சு பொழைச்சுக்குது, ஆண் குஞ்சுக்கு அப்பா குடுக்கறது ஒய் தான், அதுல இந்த ஜீனே கெடையாது. அறுபது வருஷக் கணக்கு அப்படியே நேர் ஆயிடுது பாருங்க, எத்தன தடவ சொன்னாலும் எனக்கு சிலிர்க்கும்.

1974ல கலிபோர்னியாவுல ஹோவர்ட் ஷ்னைடர்மன் குழு இன்னும் ஒரு படி போனாங்க. சாகப் போற அந்த முட்டைக்குள்ள ஊசியால பிரிமிடின் நியூக்ளியோசைட, அதாவது சர்க்கரையோட சேந்த பிரிமிடின, செலுத்தினாங்க, அந்த முட்டைங்க உள்ள வளர்ச்சி நிக்காம போச்சு. அப்பாகிட்ட இருந்து நல்ல ஜீன் வரல, கட்டுச்சோறு மட்டும்தான் வெளிய இருந்து வந்துச்சு.

அதனாலதான் இத இறக்கை ஜீன்னு யாராவது சொன்னா நான் விடமாட்டேன். பேரு கண்ணுக்குத் தெரிஞ்ச கோளாற வெச்சு வந்தது, வேலை உடம்பு முழுக்க நடக்குது.

நம்ம உடம்புலயும் இதே ஜீன் இருக்கு, கேட் (CAD)னு பேரு. அதுல ரெண்டு பிரதியும் பழுதானா குழந்தைங்களுக்குக் கடுமையான வலிப்பு, ரத்தசோகை வரும். 2017ல ஒரு ஆய்வறிக்கை வந்துச்சு, அதுல வர்ற ரெண்டு குழந்தைங்கள்ல ஒருத்தி கிட்டத்தட்ட நினைவே இல்லாத நெலமையில இருந்தா. ரெண்டு பேருக்கும் வாய் வழியா யூரிடின் குடுத்தாங்க, அதுவும் ஒரு பிரிமிடின் நியூக்ளியோசைடுதான். ரெண்டு பேருக்குமே வலிப்பு நின்னுச்சு, நினைவே இல்லாம இருந்த குழந்தை அப்புறம் கையப் பிடிச்சு நடக்கவும் ஆரம்பிச்சா.