லினக்ஸ்ல "லைப்ரரி இல்லை" எண்டு வந்தா போர்மட் பண்ணாதீங்க!

[திரையில்: ஒரு ஐகனை ரெண்டு தரம் கிளிக் பண்ணுறது. ஒண்டும் திறபடல்ல.]

புதுசா ஒரு மென்பொருளை டவுன்லோட் பண்ணுறீங்க. ரெண்டு தரம் கிளிக் பண்ணுறீங்க. விண்டோ வரல்ல, பிழைச் செய்தியும் வரல்ல. கடைக்குக் கொண்டுபோனா "போர்மட் பண்ணித்தான் பார்க்கோணும்" எண்டு சொல்லுவாங்க. பண்ணாதீங்க! அனேகமா உங்கட மெஷின்ல ஒரேயொரு கோப்புத்தான் இல்லை. எந்தக் கோப்பு எண்டு மெஷினே பேரோட சொல்லுது. டெர்மினல்ல, அதாவது கட்டளையை எழுதி ஓட விடுற விண்டோவில சொல்லுது, நாங்க அங்க போய்ப் பார்க்கிறதில்லை.

வணக்கம் மக்களே, திருகோணமலையில இருந்து பேசுறன். கோணேசபுரி வளாகத்தில கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கச்சிமார், உவர்மலை, உப்புவெளிப் பக்கம் பழைய டெஸ்க்டொப்புக்கு உபுண்டு லினக்ஸ் போட்டு வைச்சிருக்கிறவங்க, எல்லாரும் கடைசி வரைக்கும் பாருங்க. டேட்டாவும் மிஞ்சும், உங்கட படங்களும் பைலுகளும் தப்பும்.

முதல் வேலை: டெர்மினலைத் திறந்து, அந்தப் புரோகிராமை அங்கயிருந்து ஓட விடுங்க.

[திரையில்: "எரர் வைல் லோடிங் ஷெயார்ட் லைப்ரரிஸ்: லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 1.1" என்ற வரி]

பின்னணியைச் சுருக்கமாச் சொல்லுறன். பல புரோகிராமுக்கும் பொதுவா வேணுங்கிற வேலையை ஒரே கோப்பில எழுதி, எல்லாரும் அதைப் பாவிக்கிறதுதான் ஷெயார்ட் லைப்ரரி. விண்டோஸ்ல டிஎல்எல், லினக்ஸ்ல எஸ்ஓ. காணும், மேல போவம்.

இப்ப அந்த வரியைத் திரும்ப வாசிங்க. பேர் லிப்எஸ்எஸ்எல். இணையத்தில போற வாற தகவலைப் பூட்டிப் பாதுகாக்கிற லைப்ரரி இது, ஓபன்எஸ்எஸ்எல் எண்ட மென்பொருளின்ட ஒரு பகுதி. கடைசியில 1.1 எண்டு ஒரு இலக்கம். எல்லாரும் பேரைத்தான் பார்க்கிறாங்க, இலக்கத்தை விட்டுடுறாங்க. சிக்கல் முழுக்க அந்த இலக்கத்திலதான் இருக்கு!

வீட்டுக் கேஸ் சிலிண்டரை யோசிங்க. நீலச் சிலிண்டருக்கு ஒரு ரெகுலேட்டர், மஞ்சளுக்கு வேறொண்டு. உள்ள இருக்கிறது ரெண்டிலயும் சமையல் கேஸ்தான். ஆனா 2022ல கேஸுக்கு நாங்க வரிசையில நிண்ட காலத்தில, கிடைச்ச சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தா வாய் பொருந்தாது. லைப்ரரியில அந்த இலக்கம் சொல்லுறதும் இதைத்தான். எழுதினவங்க வாயை மாத்தினா இலக்கத்தையும் மாத்துவாங்க. பழைய புரோகிராமை இதில பூட்டாதீங்க எண்டு எங்களுக்குச் சொல்லுறதுக்காகவே மாத்துறாங்க.

இதை விளங்காததாலதான் ஒரு பொல்லாத வைத்தியம் ஊர் முழுக்கப் பரவியிருக்கு. மெஷின்ல லிப்எஸ்எஸ்எல் 3 இருக்குதாம், அதுக்கு 1.1 எண்டு ஒரு குறுக்குவழி இணைப்புப் போட்டா சரியாம். சரிவராது! ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வந்தது 2021 செப்டம்பர்ல. உபுண்டு 22.04 பதிப்பு அதுக்கு மாறிட்டுது, 1.1 அதில இல்லை. பேரை மாத்தி ஏமாத்தினா, புரோகிராமையும் லைப்ரரியையும் இணைக்கிற லிங்கர் அந்தக் கோப்பைத் திறந்து உள்ள பார்த்திட்டு, "ஓபன்எஸ்எஸ்எல் 1.1 பதிப்பு இதுக்குள்ள இல்லை" எண்டு அடுத்த பிழையைக் கக்கும். வேற சில லைப்ரரிகள்ல அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஓடுற மாதிரி ஓடி, நடுவில விழும். ஓடாமலே இருக்கிறதை விட அது மோசம். பழைய 1.1 பொதியை (பேக்கேஜை) எங்கயாவது தேடிப் போடுறதையும் நான் விரும்பல்ல. அதுக்கான பொதுப் பராமரிப்பு 2023 செப்டம்பரோட முடிஞ்சுது. வங்கிக் கணக்குப் பார்க்கிற மெஷின்ல பூட்டு உடைஞ்ச கதவு எதுக்கு? அந்தப் புரோகிராமின்ட புதுப் பதிப்பைத் தேடுங்க.

வேற என்னென்ன இல்லை எண்டு ஒரேயடியாப் பார்க்க எல்டிடி எண்ட கட்டளை இருக்கு.

[திரையில்: எல்டிடி பட்டியல். ஒரு வரியில் மட்டும் "நொட் ஃபவுண்ட்"]

அந்த "நொட் ஃபவுண்ட்" வரி மட்டும்தான் உங்களுக்கு வேணும். ஒரு கவனம்: நம்பிக்கையில்லாத இடத்தில இருந்து வந்த கோப்பில எல்டிடி ஓட விடாதீங்க. சில நேரம் அந்தப் புரோகிராமே ஓடிடும். இல்லாத கோப்பு எந்தப் பொதிக்குள்ள இருக்கு எண்டு ஆப்ட்-ஃபைல் தேடித் தரும்.

இப்ப அடிக்கடி வாற ஆள்: ஆப்இமேஜ், அதாவது இன்ஸ்டோல் பண்ணாமலே ஒரே கோப்பா ஓடுற மென்பொருள். உபுண்டு 22.04ல இருந்து பல ஆப்இமேஜுகளைக் கிளிக் பண்ணினா சத்தமே இல்லை. டெர்மினல்ல ஓட விட்டா லிப்ஃபியூஸ் டாட் எஸ்ஓ டாட் 2 எண்ட லைப்ரரி இல்லையெண்டு சொல்லும். இதை எல்டிடி காட்டாது, ஏனெண்டா ஓடத் தொடங்கின பிறகுதான் ஆப்இமேஜ் அதைக் கேக்குது.

[திரையில்: சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் லிப்ஃபியூஸ்2]

இதை மட்டும் போடுங்க. 22.04ல "ஃபியூஸ்" எண்ட வேற பொதியைப் போட்டுடாதீங்க. டெஸ்க்டொப்புக்கு வேணுங்கிற பொதிகளையே அது கழட்டிப் போடக்கூடும். டேட்டா முடிஞ்சிருந்தா, ஆப்இமேஜின்ட பேருக்குப் பின்னால "--ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்" எண்டு குடுங்க. ஃபியூஸ் இல்லாமலே உள்ளுக்குள்ள இருக்கிறதை வெளியில பிரிச்சு வைக்கும்.

24.04 வைச்சிருக்கிறவங்களுக்கு அதே பொதியின்ட பேர் லிப்ஃபியூஸ்2டி64. அந்த "டி64" எங்கயிருந்து வந்தது? எனக்கு இந்த வீடியோவிலயே ஆகப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் பொறுங்க!

கம்ப்யூட்டர் நேரத்தை 1970 ஜனவரி 1ல இருந்து செக்கன் செக்கனா எண்ணுது. பழைய 32 பிட் கணக்கில ஆகக்கூடினது 2,147,483,647 வரைக்கும்தான் எண்ண ஏலும். அது நிரம்புறது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. எங்கட இலங்கை நேரப்படி காலமை 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். தைப்பொங்கல் முடிஞ்சு சில நாள், பிள்ளைகள் வகுப்பில இருக்கிற நேரம். அடுத்த செக்கன் அந்த எண் மறைக்கு (மைனஸுக்கு) போய், திகதி 1901 டிசம்பருக்குப் பாயும்! இதைத் தடுக்கத்தான் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸும் உபுண்டுவும் நேரத்தை 64 பிட்டுக்கு மாத்தினாங்க. லைப்ரரியின்ட வாய் அதால மாறுறபடியால் பொதியின்ட பேரிலயும் "டி64" எண்டு அடையாளம் வைச்சாங்க. உங்கட 64 பிட் மெஷின்ல நேரம் ஏற்கெனவே 64 பிட்தான். உங்களுக்குப் பேர் மட்டும்தான் மாறினது. உண்மையில தேவைப்பட்டது ஆர்ம் சிப் போட்ட சின்ன 32 பிட் கருவிகளுக்கு. 2038ல வரப்போற ஒரு காலமைக்காக 2024லயே ஆயிரக்கணக்கான பொதிகளை உக்காந்து திரும்பக் கட்டியிருக்கிறாங்க. அதில நிறையப் பேர் தன்னார்வலர்கள். அவங்களுக்காக ஒரு லைக் போடுங்க மக்களே, எனக்கில்லை.

சரி, மிச்சம் கெதியா. கோப்பு மெஷின்ல இருக்கு, ஆனா இல்லையெண்டு சொல்லுதா? நீங்களே கம்பைல் பண்ணி யூஎஸ்ஆர் லோக்கல் லிப் போல்டருக்குள்ள போட்டதா இருந்தா "சூடோ எல்டிகொன்ஃபிக்" ஒருக்கா ஓட விடுங்க. லிங்கர் பார்க்கிற பட்டியல் அப்பதான் புதுப்பிக்கப்படும். பழைய 32 பிட் பிரிண்டர் டிரைவர் எண்டா ஐ386 எண்ட 32 பிட் பொதிகளும் வேணும். விண்டோஸ்காரருக்கு "விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை" எண்டு வந்தா, மைக்ரோசொஃப்ட் தளத்தில விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கு. தனி டிஎல்எல் தாற தளங்கள் பக்கம் போகவே வேணாம்.

இன்னும் சரிவரல்லையெண்டா கொமென்ட்ல எழுதுங்க. போன்ல பாதித் திரையைப் படமெடுத்துப் போடாதீங்க. அந்த முழு வரியையும் கொப்பி பண்ணி, கடைசி இலக்கத்தோட போடுங்க. எந்த உபுண்டு எண்டும் சேர்த்து எழுதினா, எந்தப் பொதி எண்டு தேடிப் பார்த்துச் சொல்லுறன்.