பார் உள்ள மீன் ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போகலாமா? தேவகோட்டைத் தம்பியின் சந்தேகம்

அடுத்த சந்தேகம் தேவகோட்டைத் தம்பி ஒருவருடையது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அவர் கேட்டதை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணே, போன லீவுக்கு வந்தப்ப காரைக்குடியில பாரோட சேர்ந்த ஒரு ஹோட்டலுக்கு நண்பர்களோட போனோம். வஞ்சிரம் வறுவல் சொன்னோம். நாலு வாய் சாப்பிடுறதுக்குள்ள நாக்கு அரிச்சிருச்சு, பில்லும் எக்கச்சக்கம். இந்தத் தடவை அம்மா, வீட்டுக்காரி எல்லாரையும் கூட்டிட்டுப் போய் நல்ல மீன் சாப்பிடணும், நாங்க ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பீரும் குடிக்கணும். பார் இருக்குற இடத்துல நல்ல மீன் கிடைக்குமா, மெஸ்ஸுக்குத்தான் போகணுமா?"

தம்பி, கிடைக்கும். ஆனால் நீங்கள் போன தடவை கேட்ட மாதிரி "வஞ்சிரம் இருக்கா" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எந்தக் கடைக்காரரும் இருக்கிறது என்றுதான் சொல்வார், ஏனென்றால் ஃப்ரீசரில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பதிலில் கடையின் லட்சணம் தெரிந்துவிடும். "வஞ்சிரம் இல்லைண்ணே, கிழங்கான் வந்திருக்கு, பாறை கொஞ்சம் இருக்கு, நண்டு காலையில வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் தைரியமாக உட்காருங்கள். இல்லை என்று ஒரு மீனைச் சொல்லத் தெரிந்த கடையை நான் நம்புவேன். பலகையில் எழுதின அத்தனையும் எல்லா நாளும் இருக்கிறது என்கிற கடையை நம்பமாட்டேன், அது பாராக இருந்தாலும் சரி, மெஸ்ஸாக இருந்தாலும் சரி.

நம் ஊரில் கடல் இல்லை, அதனால் மீன் பழசாகத்தான் வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆனால் அதிகம். இந்தப் பக்கம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினமும் அப்படித்தான். காலையில் கரையில் ஏலம் போன மீன் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இலையில் விழுந்துவிடலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் ஒரு நாள் இருக்கிற மீன் மறுநாள் இருக்காது, ஒரு நாள் இறால் நிறைய வரும், இன்னொரு நாள் சின்ன மீன்கள்தான் வரும். அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அந்த நேரத்தில் நாட்டுப்படகு மீனும், மேற்குக் கரையிலிருந்து லாரியில் வருகிற மீனும்தான். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் முழுக்க அங்கிருந்து வரும். சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் வந்த மீனை அன்றைக்குப் பிடித்தது என்று சொல்லி விற்றால் அது பொய். நீங்கள் வருவது தை மாதம், அதனால் இந்தக் கவலை இல்லை.

சரி, நாக்கு அரித்ததற்கு வருகிறேன். இதை எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். வஞ்சிரம், சூரை, அயிலை மாதிரி மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் கொஞ்ச நேரம் வெயிலில் கிடக்கவிட்டாலே, அதன் சதையில் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் என்கிற பொருள் உண்டாகிவிடும். அது உண்டாகிவிட்டால் பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, திரும்ப ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நாற்றம்கூடத் தெரியாமல் இருக்கலாம். நாக்கு குத்தும், உதடு அரிக்கும், முகம் சிவக்கும், சிலருக்குத் தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். உங்களுக்கு ஆனது பெரும்பாலும் அதுதான். பக்கத்தில் மருத்துவர் இல்லாமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது, மீன் ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதனால் அடுத்த முறை அம்மாவுக்கோ உங்களுக்கோ வாயில் வைத்ததும் சுருக்கென்று குத்தினால் "காசு கொடுத்தாச்சு, சாப்பிட்டு முடிச்சிருவோம்" என்று நினைக்காதீர்கள், அங்கேயே நிறுத்திவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். மூச்சு விடச் சிரமம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

பாரில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், பாரில் மீன் போகும் நேரம் ராத்திரி. காலையில் வந்த மீன் மதியம் விற்காமல் மிச்சமாகி, சிவப்பு மசாலாவைப் பூசிக்கொண்டு ஒரு தட்டில் காத்திருக்கும். எலுமிச்சை, மிளகாய்த்தூள், சோள மாவு, கலர்ப்பொடி எல்லாம் சேர்ந்த அந்தப் பூச்சுக்கு உள்ளே இருப்பது என்ன மீன், எப்போது வெட்டினது என்று யாருக்கும் தெரியாது. குடிக்கிறவருக்கு உப்பும் உறைப்பும்தான் தேவை என்று சமையல்கட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். குடிக்கிற மனிதருக்கும் நாக்கு இருக்கிறது, அவரும் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்.

அதனால் மசாலா பூசாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம், நல்ல கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் உள்ளே குழி விழாமல் பளபளவென்று இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்கக் கூடாது. நண்டு என்றால் கையில் எடுத்துப் பாருங்கள், பார்க்கப் பெரிதாக இருந்து கையில் லேசாக இருந்தால் உள்ளே சதை இல்லை. நம் பாக் நீரிணை நீலக்கால் நண்டுக்குப் பேர் போனது, ஆகவே இங்கே வந்து அதைச் சாப்பிடாமல் போவது அநியாயம்.

என்ன சொல்லிச் சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். முழு மீனாகச் சொல்லுங்கள், துண்டாக வேண்டாம். முழு மீனில் ஏமாற்ற முடியாது, தலையும் வாலும் தட்டில் இருக்கும். கிழங்கான் இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல், இரண்டு பக்கமும் மெல்லிசாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் சோம்பும் பூண்டும் அரைத்துப் போட்டு, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு நிதானமாகப் புரட்டினால், தோல் கல்லில் ஒட்டாமல் மொறுமொறுப்பாக எழும், உள்ளே சதை வெள்ளை வெளேரென்று நடுமுள்ளை விட்டுத் தானாகப் பிரியும். முள்ளை ஓர் ஓரமாக இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். சதை முள்ளோடு ஒட்டிக்கொண்டு வந்தால் சரியாக வேகவில்லை, இழுக்கும்போதே மாவாக உதிர்ந்தால் மீன் பழசு. கணவாய் சொன்னால் "சீக்கிரம் இறக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கல்லில் கிடந்தால் ரப்பர்தான்.

குழம்பு பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு என்று பலகையில் போட்டுவிட்டால் எல்லாவற்றிலும் பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூ என்று கொட்டுகிறார்கள். அதெல்லாம் கறிக்கு. நம் வீடுகளில் மீன் குழம்புக்கு வெந்தயமும் சோம்பும் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக வதக்கி, புளியும் தக்காளியும் விட்டு, மல்லிப்பொடி போட்டுக் கொதிக்கவிட்டு, எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீனைப் போடுவோம். போட்டபின் கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அந்தக் குழம்பைக் காலையில் வைத்து மதியம் ஊற்றுகிற இடம் பெரும்பாலும் மெஸ்தான். பார் உள்ள ஹோட்டலில் ஒரே கிரேவியைத்தான் இறாலுக்கும் மீனுக்கும் கோழிக்கும் ஊற்றுகிறார்கள். அதனால் குழம்பும் சோறும் அம்மாவோடு மதியம் மெஸ்ஸில், வறுவலும் பீரும் ராத்திரி பாரில் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைத்துவிடும். ஒரே வேளையில்தான் வேண்டும் என்றால் அறைகளோடு இருக்கிற ஹோட்டலுக்குப் போங்கள். அவர்களுக்குத் தனி உரிமம் உண்டு, பார் ஒரு பக்கமும் குடும்பங்கள் உட்காருகிற ஹால் இன்னொரு பக்கமும் இருக்கும், சமையல்கட்டு ஒன்றுதான். பெண்களையும் அம்மாவையும் ஹாலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மணிக்கணக்கில் பாரில் இருக்காதீர்கள், அப்படித் தனியாகக் காத்துக்கொண்டிருக்கிற தாய்மாரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். முதலில் நீங்கள் போய் உங்கள் பீரை முடித்துவிட்டு வாருங்கள், அவர்களை அப்புறம் வரச் சொல்லுங்கள். டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் குடும்பத்துக்கான இடமே இல்லை. மெஸ்ஸில் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துக் குடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, உரிமம் இல்லாத இடத்தில் அது சட்டப்படி தப்பு, மாட்டிக்கொள்வது அந்த மெஸ்காரரும்தான்.

பில் விஷயம். மெனுவில் மீனுக்கு நேரே விலை போடாமல் "அளவுக்கு ஏற்ப" என்று இருந்தால், சமைக்கும் முன்னாலேயே இந்த மீன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை. இந்த மாதிரி ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு வரி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பரிமாறின பையன் நன்றாகக் கவனித்தால் அவன் கையில் தனியாகக் கொடுங்கள், அதுதான் முறை.

எந்த நாள் போவது? ஞாயிறு கூட்டம் அதிகம், மீன் வேகமாகத் தீரும், ஆனால் கல்லில் அவசரம் அவசரமாகப் புரட்டுவார்கள். வெள்ளி, செவ்வாய் நம் ஆட்கள் நிறையப் பேர் அசைவம் தொடமாட்டார்கள், அன்றைக்கு முந்தின நாள் மீன் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். புதன், வியாழன் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக, நீங்கள் பொங்கலுக்கு வருவதால் சொல்கிறேன். மாட்டுப் பொங்கல் அன்று திருவள்ளுவர் தினம், மதுக்கடையும் பாரும் மூடியிருக்கும். ஜனவரி 26-ம் தேதியும் அப்படித்தான். அந்த நாட்களைத் தவிர்த்துத் திட்டம் போடுங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் திரும்ப வண்டி ஓட்டுகிறவர் ஒரு மடக்குகூடக் குடிக்கக் கூடாது. முதல் தடவை பிடித்தாலே 10,000 ரூபாய் வரை அபராதம், ஜெயிலும் உண்டு, வண்டியில் அம்மா வேறு இருப்பார். உங்கள் இருவரில் ஒருவர் அன்றைக்குப் பன்னீர் சோடா குடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஊரிலிருந்தே ஒரு டிரைவரைப் பேசிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கும் ஒரு மீன் சாப்பாடு சொல்லிவிடுங்கள்.

அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்.