டைல்ஸ் வழுக்குச்சு, அவ்வளவுதானா?

எல்லாருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்து வீடு திரும்பின பெரியவங்கள பாத்துக்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். 1995ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆய்வுல, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வீட்டுக்குப் போன 108 பேர்ல 73 சதவீதம் பேர் ஆறே மாசத்துல ஒரு தடவையாவது விழுந்திருக்காங்க. ஆனா விழுந்தவங்கள கேட்டுப் பாருங்க, தரை ஈரம், லுங்கி தடுக்குச்சு, செருப்பு வழுக்குச்சுன்னுதான் சொல்வாங்க, என் கால் சரியா தூக்கலன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி. அது பொய் இல்லீங்க. பாதம் தொங்குறதால விரல் தரையில உரசுது, அந்தக் கால்ல உணர்ச்சியும் கம்மியா இருந்தா உரசுறதே அவங்களுக்குத் தெரியாது, தெரியாதத எப்படி சொல்வாங்க?

மூளையோட வலது பக்கம் பாதிச்சவங்கள்ல சிலருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே கவனத்துல வராது, கதவு நிலையில இடது தோள் இடிக்கும், அப்பவும் "எனக்கு ஒண்ணுமில்ல, நானே போறேன்"னு கிளம்புவாங்க. வீம்பு பண்றாருன்னு திட்டாதீங்க, அதுவும் அந்த நோயோட வேலைதான்.

இன்னும் சிலர் இதுக்கு நேர்மாறு. ஓரளவு நல்லா நடக்கக்கூடியவங்க, ஒரு தடவ விழுந்த பயத்துல கட்டிலே கதின்னு ஆகிடுறாங்க, நாமளும் அக்கறையில "எந்திரிக்காதப்பா, சொன்னா கேளு"ன்னு அதட்டுறோம், தொடை சதை கரைஞ்சு பேலன்ஸ் போயி கடைசில நெஜமாவே விழுறாங்க. அசையாத பக்கத்து எலும்பு பலவீனமா இருக்கும், அதனால இடுப்பு எலும்பு முறியுறதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

அவங்ககிட்ட கேளுங்க, எங்க போறப்போ பயமா இருக்குன்னு. பாத்ரூமா, வாசப்படியா, ராத்திரி ஒண்ணுக்குப் போறப்பவான்னு கேட்டா சொல்வாங்க. நிறைய பேருக்கு விழுறதவிட, யாரும் இல்லாதப்போ விழுந்தா எப்படி எந்திரிக்கிறதுங்குறதுதான் பெரிய பயம். அத பிசியோதெரபிஸ்ட் பக்கத்துல இருக்கப்பவே பழக்கிடலாம்: நல்ல பக்கமா திரும்பி, நல்ல கைய ஊனி உக்காந்து, ஆடாத நாற்காலிகிட்ட நகர்ந்து போயி, மண்டி போட்டு, நல்ல கால முன்னாடி வச்சு எழுந்திரிக்கணும். தலையில அடிபட்டிருந்தாலோ இடுப்பு வலிச்சாலோ அசைக்காம ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுறாங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.