மார்வின் ஹேக்லர் ஏன் என் ஆள்?

வணக்கம் மக்களே. "உனக்கு ரொம்பப் பிடித்த பாக்ஸர் யார்?" என்று யார் கேட்டாலும் நான் யோசிப்பதே இல்லை. மார்வின் ஹேக்லர். உடனே, "அலி இல்லையா? டைசன் இல்லையா?" என்பார்கள். இரண்டு பேரையும் பிடிக்கும். ஆனால் ஒருவரைப் பிடிப்பது வேறு, "இவர் என் ஆள்" என்று நெஞ்சில் வைத்துக்கொள்வது வேறு. ஹேக்லர் என் ஆள். ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

1980 செப்டம்பர் 27. லண்டன், வெம்ப்ளி அரங்கம். மிடில்வெயிட், அதாவது நடுத்தர எடைப் பிரிவின் உலக சாம்பியன் இங்கிலாந்துக்காரர் ஆலன் மின்டர். அவரை எதிர்த்து அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் ஹேக்லர். மழித்த தலை, குறுந்தாடி. சண்டைக்கு முன்பே பத்திரிகைகளில் நிறவெறிப் பேச்சு அடிபட்டு, அரங்கமே கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ரவுண்டுக்குள் மின்டரின் முகம் பல இடங்களில் கிழிந்துவிட்டது. நடுவர் சண்டையை நிறுத்தினார். ஹேக்லர் ரிங்கில் அப்படியே மண்டியிட்டார். தொழில்முறைச் சண்டைக்கு வந்து ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பட்டம் அது. அடுத்த நொடியே பீர் பாட்டில்கள் பறந்து வந்து விழ ஆரம்பித்தன. பயிற்சியாளர்கள் அவர்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் சுற்றி நின்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பில் பெல்ட் கட்டவில்லை. கையைத் தூக்கிப் பிடித்து "புதிய சாம்பியன்" என்று கொண்டாட விடவில்லை.

இதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் குனிந்து தலையைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறுகிறான். அப்புறம்தான் அவருடைய பழைய கதையைத் தேடிப் போனேன்.

பிறந்தது 1954-ல், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில். 1967-ல் அங்கே பெரிய இனக்கலவரம். அதற்குப் பிறகு குடும்பம் மாசசூசெட்ஸில் உள்ள பிராக்டன் என்ற ஊருக்கு இடம் மாறியது. தோல்வியே காணாத ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் ஊர் அது. அங்கே தெருச் சண்டையில் ஓர் உள்ளூர் பாக்ஸரிடம் அடி வாங்கிய பிறகுதான் பையன் ஜிம்முக்குப் போனான். நடத்தியவர்கள் பெட்ரொனெல்லி சகோதரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கட்டட வேலையும் உண்டு, ஹேக்லர் அதிலும் வேலை பார்த்திருக்கிறார். புகழ் வந்தது, கோடிக்கணக்கில் பணம் வந்தது. கடைசிச் சண்டை வரைக்கும் ரிங்கில் அவருடைய மூலையில் பயிற்சியாளர்களாக நின்றது அதே பெட்ரொனெல்லி சகோதரர்கள்தான். பெரிய பெயர் வந்ததும் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தவரைக் கழற்றிவிடுவது பாக்ஸிங்கில் சர்வசாதாரணம். இவர் அதைச் செய்யவில்லை. அவர் விட்ட எந்தக் குத்தையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, ஏழு வருடம் ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? அவரோடு மோத யாருக்கும் விருப்பமில்லை. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃபிரேசியரே அவரிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: உனக்கு எதிராக மூன்று விஷயம் இருக்கிறது, நீ கறுப்பன், நீ சவுத்பா, நீ நன்றாகச் சண்டை போடுகிறாய்.

இந்த சவுத்பா விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பார்கள். அதுதான் ஆர்த்தடாக்ஸ். சவுத்பா நேர் எதிர், வலது கால் முன்னால். நான் பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஒருநாள் மாஸ்டர் என்னை ஒரு இடக்கைத் தம்பியோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, விட்டார். என் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர் குத்து) போகும் வழியிலேயே அவன் கை வந்து நிற்கிறது. இரண்டு பேரின் முன்காலும் ஒன்றோடொன்று தட்டுகிறது. எவன் தன் முன்காலை எதிராளி காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறானோ அவனுடைய பின்கைக்கு நேர்வழி திறக்கிறது. மாதக்கணக்கில் பழகிய கோணம் எல்லாம் அன்றைக்குத் திரும்பி நின்றது.

ஹேக்லர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் இயல்பில் வலக்கைக்காரர். வலுவான கையை முன்னால் வைத்து சவுத்பாவாக நின்றார். மற்றவர்களுக்கு ஜாப் என்றால் தூரம் அளக்கும் கை, இவருடைய ஜாப் முகத்தைக் கிழிக்கும். போதாததற்கு, குத்திக்கொண்டிருக்கும்போதே காலை மாற்றி ஆர்த்தடாக்ஸாகிவிடுவார். ஏற்கெனவே குழம்பி நிற்கிற எதிராளி இரண்டாவது தடவையும் குழம்ப வேண்டும். இப்படிப்பட்ட ஆளை, பட்டம் கையில் இல்லாத காலத்தில், எந்த மேனேஜர் தேடி வந்து ஒப்பந்தம் போடுவார்?

வேறு வழியில்லாமல் அவர் பிலடெல்பியாவுக்குப் போனார். அன்றைக்கு மிடில்வெயிட் பாக்ஸர்களின் கோட்டை அது. 1976-ல் இரண்டு மாத இடைவெளியில் அங்கே இரண்டு தோல்வி. முதலில் பாபி வாட்ஸிடம், புள்ளி அடிப்படையில். அந்தத் தீர்ப்பை அநியாயம் என்றுதான் பலரும் சொன்னார்கள். அடுத்து வில்லி மன்ரோவிடம். இதில் எந்த விவாதமும் இல்லை, மன்ரோ தெளிவாக ஜெயித்தார். ஹேக்லரே அதை ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். அதே வருடம் மறுபடி பிலடெல்பியாவுக்குப் போய் சைக்ளோன் ஹார்ட் என்ற பாக்ஸரைத் தொடர முடியாதபடி அடித்து ஜெயித்தார். 1977-ல் மன்ரோவை ஒருமுறை இல்லை, இரண்டு முறை நாக் அவுட் செய்தார். 1978-ல் பென்னி பிரிஸ்கோவைப் பிலடெல்பியாவிலேயே ஜெயித்தார். 1980-ல் வாட்ஸைக் கூப்பிட்டு இரண்டாவது ரவுண்டில் முடித்தார். ஒரு கடனும் பாக்கி வைக்கவில்லை.

பட்டத்துக்கான வாய்ப்பு கேட்டு டிப் ஓ'நீல், எட்வர்ட் கென்னடி போன்ற மாசசூசெட்ஸ் அரசியல் தலைவர்களே குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 1979 நவம்பரில் லாஸ் வேகாஸில் சாம்பியன் விட்டோ ஆன்டுஃபெர்மோவோடு 15 ரவுண்டு. பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஹேக்லர் ஜெயித்தார் என்றார்கள். தீர்ப்பு, டிரா. டிரா என்றால் பெல்ட் பழைய சாம்பியனிடமே இருக்கும். பத்து மாதம் கழித்துத்தான் அந்த வெம்ப்ளி ராத்திரி. இப்போது மறுபடி யோசித்துப் பாருங்கள், அந்த பாட்டில்கள் எப்படிப்பட்ட ஆள்மேல் விழுந்தன என்று.

சாம்பியன் ஆன பிறகு ஆறரை வருடம் பட்டத்தை வைத்திருந்தார். 12 முறை காத்துக்கொண்டார். அதில் 11 சண்டைகள் ஜட்ஜ்களிடம் போகவே இல்லை, முன்னாலேயே முடிந்துவிட்டன. ஜட்ஜ்களிடம் போன ஒரே சண்டை 1983-ல் ரொபெர்டோ டுரானோடு. அன்றைக்கு ஹேக்லர் தேவைக்கு மேல் ஜாக்கிரதையாக இருந்தார், கடைசி இரண்டு ரவுண்டில்தான் சண்டையைத் தன் பக்கம் இழுத்தார். எனக்குப் பிடித்த ஹேக்லர் அது இல்லை.

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பிராவின்ஸ்டவுன். கடலுக்குள் வளைந்து நீண்டிருக்கும் கேப் காட் நிலப்பகுதியின் கடைசி நுனி. கோடையில் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் ஊர், குளிர்காலத்தில் கடையெல்லாம் மூடிக் கிடக்கும். ஆள் இல்லாத அந்த நேரத்தில்தான் இவர் அங்கே போவார். ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு மணல்மேட்டில் ஓடுவார். அந்த இடத்தை அவர் சிறை என்றே சொல்வார். குடும்பத்தை விட்டு, வசதியை விட்டு, தானே போய் உட்கார்ந்துகொண்ட சிறை.

"மார்வெலஸ்" என்ற அடைமொழி கதை தெரியுமா? டிவி ஒளிபரப்பில் அப்படி அறிமுகப்படுத்த மறுத்தார்கள். 1982-ல் நீதிமன்றத்துக்குப் போய் சட்டப்படி பெயரையே "மார்வெலஸ் மார்வின் ஹேக்லர்" என்று மாற்றிக்கொண்டார். அதற்கு அப்புறம் யாராலும் மறுக்க முடியவில்லை. சிலர் இதைத் தலைக்கனம் என்பார்கள். ஏழு வருடம் கதவைத் தட்டியவர், தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டதில் என்ன தலைக்கனம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 1985 ஏப்ரல் 15, தாமஸ் ஹேர்ன்ஸ். இதைப் பற்றிப் பேசாமல் எப்படி? ஹேர்ன்ஸ் ஆறடிக்கு மேல், ஹேக்லரைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் உயரம். நீண்ட கை, பயங்கரமான வலது குத்து. தூரத்தில் நின்றால் ஹேர்ன்ஸ் ராஜ்ஜியம். அதனால் ஹேக்லர் மணி அடித்த நொடியே நேராக உள்ளே பாய்ந்தார். அந்த முதல் மூன்று நிமிடத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவே இல்லை. ஹேர்ன்ஸின் வலது கை உடைந்தது. ஹேக்லரின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. மூன்றாவது ரவுண்டில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டினார். நன்றாகக் கவனியுங்கள், அங்கேதான் ஹேக்லரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் சண்டை முடிந்தது, தோல்வி. மறுபடியும் தன் விதி இன்னொருவர் வாயில். டாக்டர் தொடரலாம் என்றார். ஹேக்லர் திரும்பி வந்து, அந்த ரவுண்டு முடிவதற்குள்ளேயே ஹேர்ன்ஸை வீழ்த்தினார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சுமார் 8 நிமிடச் சண்டைதான்.

கடைசியாக 1987 ஏப்ரல் 6, சுகர் ரே லெனர்ட். லெனர்ட் ஓய்விலிருந்து திரும்பி வந்தவர், ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை போட்டவர். அவர் தரப்பு 15 ரவுண்டு வேண்டாம், 12 போதும் என்று கேட்டது. ஓடியாட இடம் இருக்கும்படி பெரிய ரிங் கேட்டது. ஹேக்லர் தரப்பு ஒப்புக்கொண்டது. தீர்ப்பு பிளவுபட்டது. ஒரு ஜட்ஜ் 115-113 ஹேக்லருக்கு, ஒருவர் 115-113 லெனர்டுக்கு, மூன்றாமவர் 118-110 லெனர்டுக்கு. அந்த 118-110 எந்தச் சண்டையைப் பார்த்துப் போட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹேக்லர் அதற்கு மேல் ரிங்கில் ஏறவே இல்லை. மறுசண்டைக்குப் பேச்சு நடந்தது, பெரிய பணம். கொஞ்ச காலம் காத்திருந்தார், பிறகு 1988-ல் ஓய்வை அறிவித்துவிட்டு இத்தாலிக்குப் போனார். அங்கே படங்களில் நடித்தார். பணத்துக்காகத் திரும்பி வந்து வயதான உடம்போடு அடி வாங்கிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். இவர் திரும்பவில்லை. 67 சண்டை, 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. 2021 மார்ச் 13 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் காலமானார், வயது 66. அன்று ராத்திரி நான் ஹேர்ன்ஸ் சண்டையைப் போடவில்லை. வெம்ப்ளியைத்தான் போட்டுப் பார்த்தேன்.

லெனர்ட் சண்டையைப் பற்றி ஹேக்லர் ரசிகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவோம்: கொள்ளையடித்துவிட்டார்கள். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். போன மாதம் வர்ணனை காதில் விழாமல் சத்தத்தை நிறுத்திவிட்டு, பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ரவுண்டாகப் புள்ளி போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு ரவுண்டு ஹேக்லர் தன்னுடைய சவுத்பா நிலையை விட்டுவிட்டு ஆர்த்தடாக்ஸாக நிற்கிறார். எந்த நிலைக்காக உலகமே அவரைக் கண்டு ஒதுங்கியதோ, அதை அவரே ஒதுக்கி வைத்தார். முதல் நாலு ரவுண்டும் கையை விட்டுப் போய்விட்டது. அதற்கு அப்புறம் துரத்துகிறார், துரத்திக்கொண்டே இருக்கிறார். 15 ரவுண்டு இருந்திருந்தால் பிடித்திருப்பார் என்று இன்னமும் நம்புகிறேன். 12 தான் இருந்தது.

நீங்களும் ஒருமுறை சத்தம் இல்லாமல் பார்த்துப் புள்ளி போடுங்கள், என்ன வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். என் பேப்பரில் வந்தது 115-113. லெனர்டுக்கு.