அப்பா கையில இருந்து டம்ளர் விழுந்தப்ப மணி 6.40

வணக்கம் மக்களே, இன்னைக்கு சமையல் வீடியோ இல்ல. ரெண்டு மாசமா ஏன் காணோம்னு கமெண்ட்ல கேட்டுட்டே இருந்தீங்க, அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு, பக்கவாதம்னு சொல்லுவோம்ல, அதான். இத பேசணுமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன், ஆனா எங்களுக்குத் தெரியாம போனது உங்களுக்காவது தெரியணும்.

அன்னைக்கு காலைல அம்மா காபி குடுத்திருக்காங்க, வாங்கினார், ரெண்டு வாய் குடிச்சார், அப்புறம் வலது கைல இருந்து டம்ளர் அப்படியே நழுவி விழுந்துடுச்சு. வேட்டியெல்லாம் சூடு காபி, ஆனா மனுஷன் ஆன்னு கூட சொல்லல. அம்மா என்னாச்சுங்கன்னு கேட்டா ஏதோ சொல்றார், கொழகொழன்னு வருது, ஒண்ணும் புரியல. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. அப்ப மணி 6.40, பால்காரர் அப்பதான் போனார், அதனால அம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் நாங்க பண்ணதெல்லாம் தப்பு. பக்கத்து வீட்டுல பிரஷரா இருக்கும், கொஞ்சம் படுக்க வைங்கன்னாங்க, படுக்க வச்சோம். தண்ணி குடுத்தோம், அது வாய் ஓரமா வழியுது, அவருக்கு புரையேறி இருமல் வந்துடுச்சு. ஸ்ட்ரோக் வந்தா முழுங்கற சக்தியும் போயிடலாம், தண்ணியோ மாத்திரையோ நேரா நுரையீரலுக்குள்ள போகுமாம், அது அன்னைக்கு எனக்குத் தெரியாது. ஒருத்தர் விரல் நுனியெல்லாம் ஊசியால குத்தி ரத்தம் எடுங்கன்னு வாட்ஸப்ல வந்தத காட்டுறார், இன்னொருத்தர் புறா ரத்தம் தேய்ச்சா சரியாயிடும்ங்கறார். நல்லவேளை அத ரெண்டையும் பண்ணல, ஆனா அந்தப் பேச்சுலயே ஒரு மணி நேரம் போயிடுச்சு. அப்புறம் ஆட்டோல தெருமுனை கிளினிக், டாக்டர் 9 மணிக்குத்தான் வருவார்னாங்க, உக்காந்திருந்தோம். அங்கிருந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்க சிடி ஸ்கேன் இல்ல. கடைசியா பெரிய ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போது 11.45.

அங்க டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்? நான் 6.40ன்னு சொன்னதும் அவர் கடிகாரத்த பார்த்தார், அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

விஷயம் என்னன்னா, ஸ்ட்ரோக் ரெண்டு வகை, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கறது ஒண்ணு, வெடிச்சு ரத்தம் கசியறது இன்னொண்ணு. வெளிய பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஸ்கேன் எடுத்தாதான் தெரியும், அதனாலதான் வீட்டுலயே ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, கசிவா இருந்தா இன்னும் மோசமாயிடும். பிபி மாத்திரையும் நாமளா குடுக்கக் கூடாது. அடைப்புன்னா அடைச்சிருக்கற ரத்தக்கட்டிய கரைக்க ஒரு ஊசி இருக்கு, அத பொதுவா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்பாவுக்கு அடைப்புதான். நாங்க போனப்ப 5 மணி நேரம் தாண்டிடுச்சு. பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியா ட்யூப் விட்டு கட்டிய எடுப்பாங்க, சிலருக்கு அத 24 மணி நேரம் வரைக்கும் கூட பண்ணலாமாம், ஆனா இவருக்கு அடைச்சது சின்ன குழாய், அதுக்கு அது ஆகாதுன்னுட்டாங்க. அடைப்பு இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் மூளைல கிட்டத்தட்ட 19 லட்சம் செல் சாகுதாம். நாங்க கிளினிக் பெஞ்சுல உக்காந்திருந்த நேரத்த நான் இன்னும் கணக்கு போட்டுட்டுதான் இருக்கேன்.

இன்னொன்னு சொல்லணும், இது எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம். ஸ்ட்ரோக் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வேட்டி கட்டும்போது கை மரத்துப் போச்சு, முடிச்சு போட வரலன்னு சொன்னார், பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு, கைய மடக்கி படுத்திருப்பீங்கன்னு நானே சொன்னேன். அது மினி ஸ்ட்ரோக். தானா சரியாயிடும், ஆனா அடுத்த ஓரிரு நாள்லயே பெருசா வர வாய்ப்பு ரொம்ப அதிகம், அன்னைக்கே போயிருக்கணும். சரியாயிடுச்சேன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ்.

சந்தேகமா இருந்தா சிரிக்கச் சொல்லுங்க, ஒரு பக்கம் கோணுதான்னு பாருங்க. ரெண்டு கையையும் நேரா தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு தானா இறங்குதா? "இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கு"ன்னு திரும்பச் சொல்லச் சொல்லுங்க, குழறுதா? இதுல ஒண்ணு இருந்தாலே போதும், உடனே 108. திடீர்னு ஒரு கண்ணு தெரியாம போறது, நடக்க முடியாம தள்ளாடறது, இதுவரை வராத மாதிரி மண்டை வெடிக்கற தலைவலி, இதுவும் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். வயசானவங்களுக்கு மட்டும்தான் வரும்னும் இல்ல, அப்பா பக்கத்து பெட்ல இருந்தவருக்கு 34 வயசு.

108க்கு போன் பண்ணா மயக்கம், முடியலன்னு பொதுவா சொல்லாதீங்க, "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு"ன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்க, எப்ப ஆரம்பிச்சதுன்னு மணிய சொல்லுங்க. ஸ்கேனும் இந்த ஊசியும் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போகணும்னு கேளுங்க. தூங்கி எந்திரிக்கும்போதே அப்படி இருந்தா, ராத்திரி எத்தனை மணிக்கு நல்லா பேசிட்டு படுத்தாங்களோ அந்த மணி. சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க.

உங்க வீட்டுக்குப் பக்கத்துல ராத்திரிலயும் சிடி ஸ்கேன் எடுக்கற ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு எழுதி வைங்க. நான் இப்ப ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன், தோ காட்றேன் பாருங்க, தெரியுதா?

அப்பா இப்ப பிடிச்சுக்கிட்டு நடக்கறார், என் பேரு மட்டும் இன்னும் முழுசா வரல, முதல் எழுத்து வருது. பிசியோதெரபி டைம் ஆச்சு, பந்த கைல வச்சுக்கிட்டு எனக்காக காத்துட்டு இருக்கார், நான் போறேன் மக்களே.